அலுமாரியில் நிற்கும் காருக்கு அடியில் ஒரு கட்டை

கொழும்பின் காலிமுகத்திடல் ஹோட்டலில் ஒரு பழைய கார் காட்சிக்கு நிற்கிறது. 1935ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்ட் நைன். பின்னாளில் எலிசபெத் மகாராணியின் கணவரான பிலிப், 1940இல் பிரித்தானியக் கடற்படையில் இளம் பயிற்சி அதிகாரியாக இலங்கையில் இருந்தபோது 12 பவுண் கொடுத்து வாங்கியதென்று சொல்லப்படும் கார் அது. பார்க்க வருகிறவர்கள் முன்விளக்குகளையும் சக்கர மூடிகளையும் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். வாகனம் திருத்தும் கையுள்ள ஒருவர் வந்தால் அவர் கண் வேறு இடத்துக்குத்தான் முதலில் போகும். ரயருக்கும் அதற்கு மேலுள்ள மட்கார்ட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது, இரண்டு பக்கமும் அது ஒன்றாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்.

அவர் பார்வையில் நியாயம் இருக்கிறது. காட்சிக்கு வைத்த வாகனத்தில் பெயின்ட் மங்கினால் எல்லோருக்கும் தெரியும். அடியில் உள்ள ஸ்பிரிங்கும் ரயரும் சோர்ந்துபோவது மிக மெதுவாக நடப்பதால் ஒருவருக்கும் தெரிவதில்லை. கார் ஓடினாலும் நின்றாலும் அதன் எடை குறையப் போவதில்லை. ஓடும்போது அந்தச் சுமை சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி மாறி விழுகிறது. நிற்கும்போது ஒரே புள்ளியில், ஒரே கோணத்தில், மாதக்கணக்காக விழுகிறது.

இந்தக் கட்டுரை பேச வந்தது இன்னொரு வகைக் காரைப் பற்றி. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடி வீடுகளின் வரவேற்பறை அலுமாரிகளில், வெற்றிக் கிண்ணங்களுக்கும் பட்டமளிப்புப் படங்களுக்கும் பக்கத்தில் இன்று நிற்கும் கட்டைக் கார்கள். லெகோ நிறுவனத்தின் டெக்னிக் வரிசை மாதிரிகளும், அதே முறையில் வேறு நிறுவனங்கள் செய்யும் மாதிரிகளும் இதில் அடங்கும். லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வரும் மாமாவின் சூட்கேசில் உடுப்புகளுக்கு நடுவே பெட்டியாக வந்தவை பல. சில புறக்கோட்டையில் வாங்கியவை. கட்டி முடித்த நாளில் அவற்றின் முதுகை விரலால் அழுத்தினால் நான்கு சக்கரமும் அமுங்கி மேலே எழும். வீடே சிரிக்கும். இரண்டு மூன்று வருடம் கழித்து அழுத்திப் பார்த்தால் அமுங்குவதற்கே இடமிருக்காது. வண்டி ஏற்கெனவே படுத்திருக்கும்.

அந்தச் சரிவைத் தவிர்க்க முடியும், அதற்குச் செலவும் இல்லை. சஸ்பென்ஷன் உள்ள எந்த மாதிரிக் காரையும் நீண்ட காலத்துக்கு அலுமாரியில் வைப்பதென்றால், அதன் எடையைச் சக்கரங்களிலிருந்து எடுத்து, அடிச்சட்டத்தின் கீழ் வைக்கும் ஒரு தாங்கியிடம் கொடுத்துவிட வேண்டும். கட்டி முடித்த அன்றே அதைச் செய்ய வேண்டும். கொழும்பில், அதுவும் கடலோர வெள்ளவத்தையில், இதைத் தள்ளிப்போடவே கூடாது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகிறது என்பதற்கு அந்தக் கார்களின் உட்புறத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டென்மார்க்கின் பில்லுண்ட் நகரத்து லெகோ நிறுவனம் இன்றைய வடிவக் கட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1958 ஜனவரி 28இல். அப்போது கட்டைகள் செலுலோஸ் அசிற்றேற்று என்ற பொருளில் வார்க்கப்பட்டன. காலப்போக்கில் அந்தப் பொருள் வளைந்தது, நிறம் மாறியது. 1963இல் நிறுவனம் ஏபிஎஸ் என்ற உறுதியான பிளாஸ்டிக்குக்கு மாறியது. அறுபது வருடத்துக்கு முந்திய கட்டை இன்றைய கட்டையோடு இறுகப் பொருந்துகிறதென்றால் அந்த மாற்றத்துக்கு அதில் பெரிய பங்குண்டு. பல்லுச்சக்கரமும் அச்சும் கொண்ட டெக்னிக் வகை 1977இல் வந்தது. 1994இல் வெளியான 8880 இலக்கச் சூப்பர் கார், நான்கு சக்கர இயக்கத்தோடும் நான்கு சக்கரத் திருப்பலோடும் நான்கு மூலையிலும் தனித்தனி ஸ்பிரிங்கோடும் வந்து, கட்டுகிறவர்களின் ஆசையை வேறொரு மட்டத்துக்குக் கொண்டுபோனது. 1,300 துண்டுகளைச் சற்றே தாண்டிய கார் அது. அதன் பிறகு கார்கள் பருத்துக்கொண்டே போயின. 2016இன் போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் 2,704 துண்டுகள். 2018இன் புகாட்டி ஷிரோன் 3,599. 2022இன் ஃபெராரி டேடோனா எஸ்பி3 3,778. துண்டு கூடக்கூட எடை கூடுகிறது. எடை கூடினாலும் அதைத் தாங்கும் மூலைகள் நான்குதான்.

ஷிரோன் மாதிரி 56 சென்ரிமீற்றர் நீளம், 25 அகலம், 14 உயரம். அந்த 14 சென்ரிமீற்றருக்குள் 16 சிலிண்டர் எஞ்சினும் எட்டுக் கியர்ப் பெட்டியும் அடைந்து கிடக்கின்றன. நிஜ ஷிரோனைப் போலவே எஞ்சின் இருப்பது இருக்கைக்குப் பின்னால். ஆகவே சுமையும் பின்பக்கம் சாய்கிறது. இப்படியான கார்களில் முதலில் இறங்குவது பின்சக்கரங்கள் என்பதில் வியப்பில்லை.

சரிவைக் கண்டதும் பலரும் ஸ்பிரிங்கைத்தான் குற்றம் சொல்கிறார்கள். அது அநேகமாகத் தவறான தீர்ப்பு. ஷொக் அப்சோபருக்குள் இருப்பது எஃகுச் சுருள். தாங்கக்கூடிய அளவுக்குள் அமுக்கப்பட்ட எஃகு, அறை வெப்பத்தில் வருடக்கணக்காகத் தன் நீளத்தை ஏறத்தாழக் காப்பாற்றும். தளர்வது அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக். சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கைகள், அந்தக் கை அசையும் இடத்தில் உள்ள ஊசிகள், சக்கரத்தைத் தாங்கும் சிலுவை வடிவ அச்சு. பிளாஸ்டிக் என்பது நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளின் பின்னல். அதன் மேல் ஒரு சுமை இடைவிடாமல் இருந்தால் அந்தச் சங்கிலிகள் மெல்ல மெல்ல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறும். சுமை சில மணித்தியாலம் இருந்தால் பொருள் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். மாதக்கணக்காக இருந்தால் ஒரு பங்கு வளைவு நிரந்தரமாகத் தங்கிவிடும். எல்லா வீட்டிலும் இருக்கும் பிளாஸ்டிக் கதிரையின் பின்கால்கள் சில வருடத்தில் வெளிப்பக்கம் விரிவது போலத்தான்.

கணக்கும் காருக்குச் சாதகமாக இல்லை. ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். நான்காகப் பிரித்தால் ஒரு சக்கரத்துக்கு 375 கிராம். பின்பக்கம் பாரமென்றால் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் 450 கிராம் வரை போகும். சஸ்பென்ஷன் கை ஒரு நெம்புகோல். சக்கரம் அதன் வெளி முனையில் இருக்கிறது. ஸ்பிரிங் பெரும்பாலும் நடுவில் பூட்டப்படுகிறது. பாதித் தூரத்தில் பூட்டினால் ஸ்பிரிங் தாங்க வேண்டியது இரு மடங்கு, அதாவது 900 கிராம் அளவு. அந்த விசை முழுவதும் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய ஓர் ஊசியின் வழியாகத்தான் சட்டத்துக்குப் போகிறது. இரவும் பகலும் அப்படியே போகிறது.

கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் என்று அனுபவமுள்ளவர்களும் சொல்வதுண்டு. டெக்னிக் ஷொக் அப்சோபர்களில் மென்மையானதும் கடினமானதும் இருக்கின்றன. மாற்றினால் கார் உடனே உயரும், பார்க்கத் திருப்தியாகவும் இருக்கும். ஆனால் கையும் ஊசியும் சுமப்பது காரின் எடையை. ஸ்பிரிங் மாறியதால் எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. உயரம் திரும்பி வந்ததால் பிரச்சினை தீர்ந்ததாகத் தோன்றுகிறது; ஊசி முன்பு போலவே வளைந்துகொண்டிருக்கிறது. ஒரு மூலைக்கு இரண்டு ஸ்பிரிங் பூட்டி வேறு வேறு இடத்தில் பொருத்தினால் பூட்டும் இடங்களின் பாரம் பகிரப்படும். அது கொஞ்சம் உதவும். முழுத் தீர்வு சுமையை எடுப்பதுதான்.

இனிக் கொழும்பு. இந்த நகரத்தின் சராசரி வெப்பம் வருடம் முழுக்க 27, 28 பாகைக்கு அருகில். பனிக்காலம் என்று ஒன்று வந்து பொருட்களுக்கு ஆறுதல் தருவதில்லை. பிளாஸ்டிக்கின் தளர்வு வெப்பம் கூடக்கூட வேகமெடுக்கும். கோபன்ஹேகனில் ஒரு வீட்டு அலுமாரியில் நிற்கும் காரும் வெள்ளவத்தையில் நிற்கும் காரும் ஒரே பெட்டியிலிருந்து வந்தாலும் ஒரே வாழ்க்கையை வாழ்வதில்லை. தன் கட்டைகளை 40 பாகைக்கு மேற்பட்ட சூட்டுத் தண்ணீரில் கழுவக் கூடாதென்று லெகோ நிறுவனமே சொல்கிறது. மரைன் டிரைவைப் பார்த்த வீடுகளில் மேற்குச் சன்னலால் பின்னேர வெயில் நேராக உள்ளே வரும். மூடிய கண்ணாடி அலுமாரிக்குள் அந்த வெயில் விழுந்தால் உள்ளே சூடு அறையைவிட வெகுவாக ஏறும். அந்த நேரத்தில் வெளிச்சம் அழகாக விழுகிறதென்று காரைச் சன்னலோரம் வைக்கிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் ஏபிஎஸ்ஸின் இன்னொரு எதிரி. வெள்ளைக் கட்டையும் சாம்பல் கட்டையும் மஞ்சளாவது அதனால்தான். ஆனால் மஞ்சளாவது கண்ணுக்குத் தெரியும், யாராவது கவலைப்படுவார்கள். சூட்டில் ஊசி வளைவது தெரியாது.

உப்பு இன்னொன்று. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் குடியிருக்கும் எவரிடமும் இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. சன்னல் கிராதி, ஏசியின் வெளிப்பெட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், கேஸ் அடுப்பின் கால் என்று எல்லாவற்றையும் அந்தக் காற்று தின்கிறது. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தண்டவாளத்துக்கு அப்பால் எழும் அலையின் ஈரம் மூன்றாம் மாடிக் கண்ணாடியில் மங்கலாகப் படிகிறது. ஷொக் அப்சோபரின் எஃகுச் சுருள் அதே காற்றில்தான் நிற்கிறது. நன்றாகப் பூச்சுப் பூசிய சுருள் தாக்குப்பிடிக்கும். மலிவான மாதிரிகளில் வரும் சுருள்கள் புள்ளி புள்ளியாகத் துருவேறும். துரு முதலில் சுருளின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறது. பிறகு அமுங்கி எழும்போது பிளாஸ்டிக் உறையோடு உராய்ந்து சிக்குகிறது. கொட்டாஞ்சேனைக்கும் துறைமுகக் காற்று உண்டு. அங்கே உப்போடு வாகனப் புகையின் கரியும் சேர்ந்து வருகிறது. அந்தக் கரித்தூசி ஷொக் அப்சோபரின் கம்பியில் ஒட்டி, அது வழுக்கி ஓட வேண்டிய இடத்தை அடைக்கும்.

ரயரும் இதில் தப்புவதில்லை. மென்மையான ரயர் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அடிப்பக்கம் தட்டையாகும். பிளாஸ்டிக் கார் மாதிரிகளைச் சேகரிப்பவர்களுக்கு இதைவிட மோசமான ஒன்று தெரியும்: சில பழைய மாதிரிகளின் பிவிசி ரயர்களை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரத்தையே உருக்கிவிடும். காருக்கு அடியில் மென்மையான பிவிசி விரிப்பையோ ரப்பர் பாயையோ போட வேண்டாமென்பது இந்த அனுபவத்திலிருந்து வரும் எச்சரிக்கை. வழுக்காமல் இருக்கும் என்று நல்ல எண்ணத்தோடுதான் போடுகிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். ஒரு பொம்மைக்கு இவ்வளவு கவனம் வேண்டுமா?

வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் பதில். 3,500 துண்டுள்ள காரைக் கட்டுவதற்கு ஒரு தகப்பனும் மகளும் பள்ளி விடுமுறையின் பல மாலைகளைக் கொடுக்கிறார்கள். வழிகாட்டிப் புத்தகத்தின் நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார்கள். ஒரு பல்லுச்சக்கரம் தவறிப்போய் ஐம்பது படி பின்னால் போய்க் கழற்றி மீண்டும் பூட்டுகிறார்கள். கியர்ப் பெட்டி எப்படி இயங்குகிறது, டிஃபரென்ஷியல் ஏன் தேவை என்பதைப் பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாக அந்தப் பிள்ளை அங்கேதான் படிக்கிறது. பணமும் சின்னதல்ல. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்ட பின் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. வெளிநாட்டில் விலை போட்ட ஒரு பெட்டி இங்கே எவ்வளவு எட்டாத் தூரத்துக்குப் போனது என்பதை வாங்க நினைத்துக் கைவிட்ட குடும்பங்கள் அறியும். உடைந்த ஒரு கையை மாற்றுவதற்குத் துண்டு வாங்க வேண்டுமென்றாலும் அது கடல் கடந்துதான் வர வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் வீடுகள் எரிந்தன. பல குடும்பங்களில் அதற்கு முந்திய ஒரு பொருள்கூட இல்லை. தாத்தாவின் கைக்கடிகாரமும் இல்லை, அம்மாவின் சின்ன வயதுப் படமும் இல்லை. பிறகு போர்க்காலம் முழுக்கப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு மாறிய குடும்பங்கள் அவை. அப்படியான வீட்டில் ஒரு பிள்ளை தன் கையால் கட்டிய பொருள் பத்து, இருபது வருடம் ஒரே அலுமாரியில் கெடாமல் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுவது பெரிய விடயம். அந்த ஆசையைப் பொம்மை என்று சொல்லித் தள்ள முடியாது.

நிஜ வாகனத்துக்கு இதைச் செய்ய வேண்டுமென்று நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2020 மார்ச் 20இல் நாடு முழுவதும் ஊரடங்கு போடப்பட்டபோது ஒழுங்கைகளில் கார்கள் வாரக்கணக்காக அசையாமல் நின்றன. 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டபோது மறுபடியும் நின்றன. பற்றரி இறங்கியது, பிரேக் பிடித்துக்கொண்டது, ரயர் ஒரு பக்கம் தட்டையாகிக் கார் ஓடும்போது கடகடவென்று அடித்தது. வெளிநாடு போகிறவர்களுக்கு கராஜ்காரர் எப்போதும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: நாலு பக்கமும் ஜாக்கி போட்டுக் கட்டையில ஏத்தி வச்சிட்டுப் போங்கோ. உலகெங்கும் மோட்டார் வாகன அருங்காட்சியகங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. நீண்ட காலம் காட்சிக்கு நிற்கும் வாகனத்தைத் தாங்கிகளில் ஏற்றி ரயரிலிருந்தும் ஸ்பிரிங்கிலிருந்தும் பாரத்தை எடுக்கிறார்கள். பார்க்கிறவர் கண்ணுக்குச் சக்கரம் தரையில் நிற்பது போலவே தெரியும். பெரிய காருக்குத் தெரிந்ததை அலுமாரிக் காருக்கும் செய்வதுதான் மிச்சம்.

செய்முறை எளிது. ஆனால் அவசரப்பட்டால் தாங்கியே தீங்காகும். காரைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முன்னிருந்து பின்னாக ஓடும் நீளமான சட்டத் துண்டுகள் தெரியும். அழுத்தினால் அசையாதவை அவைதான். தாங்கி அவற்றின் கீழ்தான் வர வேண்டும். முன் சக்கரங்களுக்குச் சற்றுப் பின்னால் ஒன்று, பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் ஒன்று. நடுவில் மட்டும் ஒன்றை வைத்தால் இரு முனையும் தொங்கி, சட்டமே வில்லாக வளையத் தொடங்கும். முன் பம்பரின் கீழோ, அலங்காரத் தகட்டின் கீழோ, கியர்ப் பெட்டியிலிருந்து வரும் அச்சின் கீழோ, ஸ்டீயரிங் கம்பியின் கீழோ ஒருபோதும் வைக்கக் கூடாது. பின்பக்கம் எஞ்சின் உள்ள காரென்றால் பின்தாங்கி அகலமாக இருக்கட்டும்.

உயரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். சக்கரம் காற்றில் தொங்கும்படி தூக்கி வைத்தால் சுமை போகும், கார் பார்க்க அந்தரத்தில் நிற்பது போலிருக்கும். பிறகு ஒருநாள் தாங்கியை யாராவது எடுத்துவிடுவார்கள். சக்கரம் தளத்தைத் தொட வேண்டும், ஆனால் அழுத்தக் கூடாது. முன்பக்கத்திலிருந்து ஒரு தாள் துண்டைச் சக்கரத்தின் கீழ் நுழைத்து இழுத்துப் பார்த்தால் போதும். கிழியாமல், மெல்லிய பிடியோடு வெளியே வந்தால் உயரம் சரி. இந்த வேலைக்கு லெகோத் துண்டுகளே நல்ல அளவுகோல். தட்டைத் துண்டு ஒன்றின் தடிப்பு 3.2 மில்லிமீற்றர், மூன்று சேர்ந்தால் ஒரு கட்டையின் 9.6 மில்லிமீற்றர். ஒன்று கூட்டி, ஒன்று குறைத்து உயரத்தைப் பிடிக்கலாம். மேல் பக்கம் குமிழ் இல்லாத வழவழப்பான துண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் குமிழ்கள் சட்டத்தில் தடம் பதிக்கும். கறுப்புத் துண்டுகளைப் பாவித்தால் காரின் நிழலுக்குள் தாங்கி கண்ணிலேயே படாது. மிச்சத் துண்டுகள் இல்லாதவர்கள் தச்சரிடம் இரண்டு சின்ன மரக்கட்டை சீவி வாங்கி, மேலே பருத்தித் துணி ஒட்டினாலும் வேலை நடக்கும்.

நான்கு சக்கர வளைவுகளின் உயரமும் தாங்கி வைத்த பிறகு ஒன்றாக இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது அவசியம். ஒரு பக்கம் இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தாலும் சட்டம் முறுகும். கண்ணாடித் தட்டில் கார் நின்றால் தட்டே நடுவில் சற்றுத் தாழ்ந்திருக்கலாம்; அப்போது குற்றம் காரில் இல்லை.

அண்மைக் காலத்தில் காரைச் செங்குத்தாகச் சுவரில் மாட்டும் பழக்கம் பரவி வருகிறது. இடம் மிச்சம், பார்க்கவும் எடுப்பு. ஆனால் கீழே அழுத்தும் சுமையைத் தாங்குவதற்கென்று அமைத்த கைகள் அங்கே பக்கவாட்டு இழுவையைத் தாங்க வேண்டியிருக்கிறது. மாட்டுவதென்றால் கொக்கி சட்டத்தைப் பிடிக்க வேண்டும்; சக்கரத்தின் அச்சில் காரைத் தொங்கவிடுவது சீக்கிரம் கெடுப்பதற்கான வழி.

ஏற்கெனவே படுத்துவிட்ட கார்களுக்கும் கதி உண்டு. முதலில் தாங்கி வைத்துச் சுமையை எடுத்துவிட்டு, சில வாரம் அப்படியே விடுவது நல்லது. வளைவின் ஒரு பங்கு தானாகத் திரும்பும். பிறகு ஊசிகளைக் கழற்றிப் பார்க்கலாம். வெளுத்த கோடு விழுந்த ஊசியும் மேசையில் உருட்டினால் நொண்டும் அச்சும் மாற்ற வேண்டியவை. சுருளைத் தண்ணீரில் கழுவாமல், காய்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். துரு தொடங்கியிருந்தால் முழு ஷொக் அப்சோபரையும் மாற்றுவதே நல்லது. எண்ணெய் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு, போட வேண்டாம். சாதாரண எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும், சில வகை எண்ணெய் ஏபிஎஸ்ஸில் வெடிப்பும் உண்டாக்கும்.

சேகரிப்பவர்களிடம் மட்டும் பொறுப்பைச் சுமத்துவதும் சரியல்ல. விண்வெளிக் கலமோ விமானமோ ஆன பெரிய மாதிரிப் பெட்டிகளில் நிறுவனங்கள் தாங்கியும் பெயர்ப்பலகையும் சேர்த்துத் தருகின்றன. பறக்கும் பொருளைப் பறப்பது போல் காட்ட வேண்டும் என்பதால் தருகின்றன. சஸ்பென்ஷன் உள்ள, கிலோக் கணக்கில் எடையுள்ள கார்ப் பெட்டியில் தாங்கி பெரும்பாலும் இல்லை. பெட்டிக்குள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான துண்டு இருக்கும்போது இன்னும் பன்னிரண்டு துண்டும் வழிகாட்டிப் புத்தகத்தில் ஒரு பக்கமும் கூட்டுவது பெரிய செலவல்ல. வெப்ப நாடுகளில் விற்கும் நிறுவனம் வெப்ப நாட்டு வீட்டை நினைத்து அதைச் செய்ய வேண்டும். அதுவரை புறக்கோட்டையிலும் காலி வீதியிலும் பெட்டி விற்கும் கடைக்காரர்களே தாங்கிக்கான சின்னப் பொதியொன்றைக் கட்டி விற்கலாம். வாங்குகிறவர் நன்றியோடு வாங்குவார்.

கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞான மன்றங்கள் இருக்கின்றன. ஒரே மாதிரியான இரண்டு சிறிய கார்களைக் கட்டி, ஒன்றைச் சக்கரத்தில் நிற்கவும் மற்றதைத் தாங்கியில் நிற்கவும் விட்டு, மாதம் ஒருமுறை உயரம் அளந்து வரைபுத்தாளில் புள்ளியிடுவது ஒரு வருடச் செயற்றிட்டத்துக்குத் தகுதியான வேலை. சுமையும் காலமும் வெப்பமும் பொருளை எப்படி மாற்றுகின்றன என்பதைப் பாலம் கட்டும் பொறியியலாளர்கள் படிக்கும் அதே கேள்வியோடு பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அளந்து பார்க்கலாம். முடிவு வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வேறாக வந்தால் இன்னும் நல்லது.

வீட்டில் செய்வதற்கு அதைவிடச் சின்ன வேலை போதும். தாங்கி வைத்த அன்று நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் மில்லிமீற்றரில் அளந்து, திகதியோடு ஒரு மாஸ்கிங் ரேப் துண்டில் எழுதி, அலுமாரித் தட்டின் அடிப்பக்கம் ஒட்டிவிட வேண்டும். பருவக்காற்று தொடங்கும் மே மாதத்தில் ஒருமுறை, அது ஓய்ந்தபின் ஒக்ரோபரில் ஒருமுறை மறுபடி அளந்து பக்கத்தில் எழுத வேண்டும். எண் குறைந்திருந்தால் தாங்கியில் ஒரு தட்டைத் துண்டு கூட்ட வேண்டும். எந்த மூலை குறைந்ததோ அந்த மூலையின் ஊசியை அன்றே கழற்றிப் பார்க்க வேண்டும்.